மகனுக்கு அடி, மகளுக்கு அரைவயிறு



ஒரு புதன்கிழமை, தடுப்பூசி போடும் இடத்திற்கு ஒரு தாய் மூன்று பிள்ளைகளோடு வந்தார். பத்து வயது மகனின் காலில் விளாறு பட்ட தழும்பு. எட்டு வயது மகளின் இடுப்பில் கைக்குழந்தை.

"இவனாலதாங்க தொல்லை. அடிச்சாத்தான் அடங்குறான். அவளால ஒரு தொந்தரவும் இல்லீங்க. குடுத்ததைத் தின்னுட்டு வேலையப் பாப்பா" என்றார்.

அந்த மகளை எடை போட்டோம். வயதுக்குரிய எடை இல்லை. கண் இமையின் உட்புறம் வெளுத்திருந்தது, ரத்தசோகை.

அந்தத் தாய் கெட்டவர் அல்ல. ஆனால் இரண்டு பிள்ளைகளுக்கும் தீங்கு நடந்திருக்கிறது. மகனின் தழும்பு கண்ணுக்குத் தெரிந்தது. மகளின் பசி தெரியவில்லை.

மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் விசாரித்து, 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அடிபட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 55 பேர் பையன்கள். பெண்பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர், "பையனாப் பொறந்திருக்கலாமே" என்று ஏங்கினார்கள். பலரும் நம்ப மறுப்பது இன்னொன்று: பாலியல் தொல்லைக்கு ஆளானவர்களிலும் பாதிக்குமேல் பையன்களே!

பையன் ஏன் சொல்வதில்லை? "ஆம்பளப் பிள்ளை அழலாமா?" என்று நாமே வாயை அடைத்துவிட்டோம். பெண் ஏன் சொல்வதில்லை? பழி தன்மேல் விழும், படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்ற பயம்.

கணவனும் மனைவியும் கலந்து பேசி, இவற்றைக் கடைப்பிடியுங்கள்:

1. முட்டை, பால், பருப்பு இருவருக்கும் சமமாகக் கொடுங்கள். மகள் கடைசியில் சாப்பிடும் வழக்கம் வேண்டாம்.

2. கோபத்தில் கை ஓங்காதீர்கள். அடிவாங்கும் பிள்ளை கற்றுக்கொள்வது அடிப்பதைத்தான்.

3. உள்ளாடை மறைக்கும் இடத்தை யார் தொட்டாலும், உறவினரே ஆனாலும், உடனே சொல்லும்படி மகளுக்கு மட்டுமல்ல, மகனுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

4. பிள்ளை திடீரென்று படுக்கையை நனைத்தால், பள்ளிக்குப் போக மறுத்தால், ஒருவரைக் கண்டு ஒதுங்கினால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். "உன்மேல தப்பு இல்ல கண்ணு" என்று தேற்றுங்கள்.

2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட பையன், பெண் இருவரையும் ஒன்றுபோலவே காக்கிறது. மானம் போகும் என்று மூடி மறைத்தால் தப்பிப்பது குற்றவாளிதான். 1098 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் பேசலாம்.

இன்றிரவு சோறு போடும்போது இரண்டு தட்டையும் பாருங்கள். பிறகு இருவரிடமும், "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை காத்திருங்கள்.