இட்லிப் பானையில் பிள்ளை செய்யும் வாழைப்பழ கேக்

ஓவன் இல்லையே என்று தயங்க வேண்டாம். அலோர் ஸ்டாரின் பெக்கான் ராபு சந்தையில் விற்கும் பலகாரங்களில் சில ஆவியில் வெந்தவைதான். நம் வீட்டு இட்லிப் பானையும் அதைச் செய்யும்.

தோல் கறுத்த பழம்தான் வேண்டும். உரித்த பழம் 200 கிராம் எடுத்து, நாலைந்து வயதுப் பிள்ளையிடம் முள்கரண்டியோடு கொடுத்துவிடுங்கள். மசிப்பது முழுக்க அவர்கள் வேலை. அங்கங்கே கட்டி இருந்தால் இருக்கட்டும், வெந்தபின் அதுதான் ருசி.

முட்டை 1, தனிக் கிண்ணத்தில் உடைக்கட்டும்; ஓடு விழுந்தால் எடுத்துவிடலாம். அதை மசித்த பழத்தில் ஊற்றி, அதோடு 100 கிராம் சீனி, 80 மில்லி எண்ணெய் சேருங்கள். பிறகு 150 கிராம் கோதுமை மாவு, 1 தேக்கரண்டி பேக்கிங் பவுடர், கால் தேக்கரண்டி சோடா மாவு மூன்றையும் சேர்த்துச் சலித்துப் போடுங்கள். வெள்ளை மாவு மறைந்ததும் கரண்டியை வாங்கிவிடுங்கள். பிள்ளைகள் ஆசையில் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். அதிகம் கிண்டினால் கேக் ரப்பர்போல இழுக்கும்.

கலவையை நக்க மட்டும் விடாதீர்கள். பச்சை முட்டையிலும் வேகாத மாவிலும் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம்.

சின்னக் கிண்ணங்களில் பாதிக்குச் சற்று மேல் ஊற்றி, தண்ணீர் கொதித்த பிறகு வைத்தால் 20 நிமிடம். மூடியில் துணி கட்டி முடிச்சை மேலே போட்டால் நீர் சொட்டாது. மூடியைத் திறப்பது பெரியவர்கள் மட்டுமே. பிள்ளை தள்ளி நிற்கட்டும்.

குத்திப் பார்த்த ஈர்க்குச்சியில் மாவு ஒட்டவில்லையா? ஆறியதும் முதல் கேக்கைப் பிள்ளை கையில் கொடுங்கள்.