பழைய சுரங்கத்துக்குள் போகாதே

ராபர்ட்சன்பேட்டை,
கோலார் தங்கவயல்.

அன்பு மருமகன் கதிருக்கு மாமா எழுதுவது.

தேவாலா பக்கம் தேயிலைத் தோட்டத்துக்குப் பின்னால் பழைய தங்கச் சுரங்கத்தின் வாயைக் கண்டுபிடித்திருக்கிறாயாம். ஞாயிற்றுக்கிழமை கயிறும் டார்ச்சுமாகக் கூட்டாளிகளோடு உள்ளே போகப்போகிறாய் என்று உங்கம்மா போனில் அழுதாள். இங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டேறி இறங்கி வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். போகாதே.

உன் ஆசையில் தப்பில்லை. கல்லைக் கண்டால் குனிந்து எடுத்துப் பார்க்கிற பிள்ளை நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான். ஆனால் அந்தக் குழியின் கதையைத் தெரிந்துகொள். 1880-ஐ ஒட்டி தேவாலா, பந்தலூர் மலைகளில் தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று லண்டனில் 30-க்கும் மேற்பட்ட கம்பெனிகள் கிளம்பின. சுமார் 40 லட்சம் பவுண்டு மூலதனம். சில வருஷத்திலேயே எல்லாம் படுத்துவிட்டன. வெள்ளைக்கல் பாளத்தில் தங்கம் இருந்தது உண்மை. அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்ததால் இடித்து அரைத்த கூலிக்குக்கூடக் கட்டவில்லை. பிறகு திருட்டுத்தனமாகத் தோண்டப்போய் மண் சரிந்து செத்தவர்கள் உண்டு. உன் ஊரிலேயே விசாரித்துப் பார்.

நீ பயப்பட வேண்டியது பாம்புக்கும் வௌவாலுக்கும் அல்ல, காற்றுக்கு. வெளிக்காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். காற்றோட்டமில்லாத குழியில் உளுத்துப்போன முட்டுமரமும், துருப்பிடிக்கும் கந்தகக் கல்லும் அதைக் குடித்துவிடும். வாடை வராது, மூச்சு முட்டாமலும் போகலாம். 16 சதவீதத்தை ஒட்டி மெழுகுவத்தி அணைந்துவிடும். அந்தக் காலத்து ஆட்களுக்கு அது ஒரு எச்சரிக்கை. உன் எல்இடி டார்ச் அப்படி இல்லை, நீ விழுந்த பிறகும் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். 10 சதவீதத்துக்குக் கீழே போனால் கால் மடங்கிவிடும், கூப்பிடக்கூட முடியாது. உன்னைத் தூக்க வருகிறவனும் உன் மேலேயே விழுவான்.

அடுத்தது தரை. முழங்கால் தண்ணீர்தானே என்று கால் வைப்பாய். அடியில் செங்குத்தாக இறங்கும் குழி நிறைந்து நிற்கும். மண் மூடிய பலகையைத் தரை என்று நினைப்பாய். அது நூறு வருஷத்துக்கு முந்தைய மரம்.

மேல்பாறையை நாங்கள் எப்படிப் பார்ப்போம் தெரியுமா? வெடி வைத்த இடத்துக்குப் போனதும் முதல் வேலை, கம்பியால் மேலே தட்டுவது. கணீரென்று கேட்டால் பாறை கெட்டி. பொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல். நெம்பி விழவைத்துவிட்டுத்தான் துளை போடுவோம். அந்தச் சத்தத்துக்குக் காது பழகவே வருஷக்கணக்காகும். காற்றடிக்கும் யந்திரம், இன்ஜினீயர், மீட்புப்படை எல்லாம் இருந்தும் இங்கே பாறை வெடித்து எத்தனையோ பேர் போனார்கள். 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போன அந்தச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. இன்று அதற்குள் தண்ணீர் நிற்கிறது. அதன் இண்டு இடுக்கெல்லாம் தெரிந்த நாங்களே இன்று இறங்க மாட்டோம்.

தேடுவதை விட்டுவிடாதே. வெளியிலேயே தேடலாம். ஓடையில் கிடக்கும் வெள்ளைக்கல் துண்டு எந்தச் சரிவிலிருந்து உருண்டது என்று மேல்நோக்கித் தேடிப்போ. முனை மழுங்காமல் இருந்தால் பிறந்த பாறை பக்கத்தில்தான். மஞ்சளாக மின்னினால் குதிக்காதே. சுத்தியலால் மெதுவாகத் தட்டு: தங்கம் தகடாக நசுங்கும், கந்தகக் கல் பொடியாகும். பூச்சில்லாத ஓட்டில் உரசினால் தங்கம் மஞ்சள் கோடு போடும், மற்றது கருப்பு. காட்டுக்குள் வனத்துறையைக் கேட்காமல் நுழையாதே. 1957-ஆம் வருஷச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தாது எடுப்பதும் குற்றம். அதனால் பார், குறித்து வை, தோண்டாதே.

1851-ல் தொடங்கிய இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் வரைபடங்கள் ‘பூகோஷ்’ தளத்தில் கிடைக்கின்றன. உன் மலையை அதில் தேடிப் பார். நிலவியல் எடுத்துப் படி. யூபிஎஸ்சி நடத்தும் புவி விஞ்ஞானி தேர்வை எழுதினால், இதே தேடலுக்குச் சர்க்கார் சம்பளம் கொடுக்கும். தலைக்கவசமும் காற்றை அளக்கும் கருவியும் உன் கையில் இருக்கும்.

பரீட்சை முடிந்ததும் இங்கே வந்து ஒரு வாரம் தங்கு. கல்லை எப்படிப் பார்ப்பது என்று பக்கத்தில் உட்கார்ந்து காட்டுகிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே இருப்பதாக அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு. எனக்கும் ஒரு போன் போடு.

அன்புடன்,
மாமா