வீல் கோட்டம்: வீட்டில் எடுப்பதா, கடையில் கொடுப்பதா?

புல்லட், கிளாசிக், ஹிமாலயன், ஜாவா என்று கம்பி வீல் வண்டி வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். குழியில் இறங்கி ஏறிய பிறகு ஹேண்டில்பாரில் ஒரு நடுக்கம். வண்டியைக் கழுவும்போது விரல் பட்ட கம்பியில் ஒரு தளர்வு. கடைக்குக் கொண்டுபோவதா, ஸ்போக் ஸ்பேனர் ஒன்று வாங்கி நாமே உட்கார்ந்துவிடுவதா?

கூலி எவ்வளவு என்பதை வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். கோட்டம் எந்த வகை என்பதை வைத்து முடிவு செய்யுங்கள். வேலையை யார் செய்தாலும், கோட்டத்தை அளந்து பார்ப்பது மட்டும் வண்டிக்காரர் வீட்டிலேயே செய்ய வேண்டியது.

அளப்பது எளிது. சென்டர் ஸ்டாண்டு போட்டு, சக்கரம் தரையைத் தொடாதபடி நிறுத்துங்கள். சுற்றுவதற்கு முன் டயரின் மேலும் கீழும் பிடித்துக் குறுக்கே அசைத்துப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பிரச்சினை பேரிங்கில் இருக்கலாம்; முன் சக்கரமானால் கோன்செட்டில், பின் சக்கரமானால் ஸ்விங்ஆர்ம் புஷ்ஷில் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் கம்பியைத் திருகுவது வீண். டயரின் ஓரத்தில் ரிம்மை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். பஞ்சர் போட்ட பிறகு டயர் சரியாக உட்காராமல் இருப்பதையே பலர் ரிம் கோட்டம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

இவை சரியாக இருந்தால், ஃபோர்க்கில் ஒரு கேபிள் டையைக் கட்டி அதன் நுனி ரிம்மைத் தொடுமளவுக்கு வெட்டிவிட்டு, சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ரிம் இடமும் வலமும் போவது பக்க ஆட்டம். அச்சிலிருந்து விலகியும் நெருங்கியும் ஓடுவது மேல்கீழ் ஆட்டம். பல கம்பெனிகளின் சர்வீஸ் புத்தகங்கள் இரண்டுக்கும் 2 மி.மீ. வரை எல்லை வைக்கின்றன. உங்கள் வண்டியின் புத்தகம் சொல்வதே உங்களுக்குக் கணக்கு. பின் சக்கரத்தைச் சுற்றுவதற்காக என்ஜினை ஓடவிட்டு கியர் போடுவதை ஒருபோதும் செய்யாதீர்கள். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவே போகும் விரல் திரும்பி வராது.

வீட்டில் தைரியமாக எடுக்கக்கூடியது பக்க ஆட்டம்தான். அதுவும் ரிம்மில் நசுங்கல் இல்லாமல், கம்பி எதுவும் உடையாமல், நான்கைந்து கம்பிகள் மட்டும் தளர்ந்திருக்கும்போது. ஸ்பேனரின் முனையால் ஒவ்வொரு கம்பியையும் தட்டிக்கொண்டே வாருங்கள். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தது மொத்தையாகச் சத்தமிடும். ரிம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும் இடத்தில் ஹப்பின் வலப்பக்கத்திலிருந்து வரும் கம்பிகளை இறுக்குங்கள். அங்கே ஏற்கெனவே நல்ல இறுக்கம் இருந்தால் இடப்பக்கக் கம்பிகளைத் தளர்த்துங்கள். ஒரு தடவைக்குக் கால் சுற்று போதும். சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த கால் சுற்று. கம்பியை ரிம்மோடு பிணைக்கும் சிறு நட்டுதான் நிப்பிள்; டயர் பக்கத்திலிருந்து பார்த்து வலஞ்சுழியாகத் திருகினால் அது இறுகும். ஹப் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அதுவே இடஞ்சுழியாகத் தெரியும். புதியவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

நிப்பிளுக்குச் சரியான அளவில் உள்ள ஸ்போக் ஸ்பேனர் கட்டாயம் வேண்டும். திருகி அளவு மாற்றும் ஸ்பேனரும் கட்டிங் பிளேயரும் நிப்பிளின் முனைகளை மழுங்கடித்துவிடும். கடலோர ஊர்களில் நிப்பிள்கள் துருவில் இறுகிப்போயிருப்பது சாதாரணம். முந்தின இரவே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். அப்போதும் அசையாவிட்டால் பலவந்தம் வேண்டாம், கம்பி முறுகி உடையும். அந்தச் சக்கரம் கடைக்குப் போக வேண்டியது.

மேல்கீழ் ஆட்டம் வேறு கதை. 36 அல்லது 40 கம்பிகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் சக்கரத்தில் ஓரிடத்தை உள்ளே இழுத்தால் வேறோர் இடம் வெளியே தள்ளும். இரு பக்கக் கம்பிகளையும் சேர்த்துப் பல சுற்றுகள் திருக வேண்டிவரும். அத்தனை சுற்றில் கம்பியின் நுனி நிப்பிளைத் தாண்டி எட்டிப் பார்த்து, ரிம் டேப்பைக் குத்தி டியூபைக் கிழித்துவிடக்கூடும். ஆகவே டயரைக் கழற்றாமல் இதைச் செய்யக் கூடாது. துருத்திய நுனியை அரத்தால் தேய்த்துவிடவும் வேண்டும். டயரை ஏற்றி இறக்கத் தெரியாதவர்கள் கடைக்குப் போவதே நல்லது.

கம்பி உடைந்திருந்தாலும் கடைதான். ஒன்று உடைந்தால் அதன் பாரம் பக்கத்துக் கம்பிகளுக்கு மாறி, அவையும் ஒவ்வொன்றாகப் போகும். ரிம் நசுங்கியிருந்தால் கம்பியை எவ்வளவு இழுத்தாலும் நேராகாது. இரும்பு ரிம்மைத் தட்டி ஓரளவு நிமிர்த்தலாம். அலுமினிய ரிம்மில் விரிசல் விழும் ஆபத்து உண்டு, எனவே மாற்றிவிடுங்கள். டியூப்லெஸ் கம்பி வீலில் உட்புறம் டேப்போ பசையோ கொண்டு அடைத்திருந்தால், நிப்பிளைத் திருகும்போது அந்த அடைப்பு விட்டுப்போய்க் காற்று இறங்கலாம். பி.எம்.டபிள்யூ ஜி.எஸ். வண்டிகளில் இருப்பதுபோலக் கம்பிகள் ரிம்மின் ஓரத்திலேயே மாட்டப்பட்டிருந்தால் அந்தக் கவலை இல்லை.

எந்தக் கடை? வீல் கட்டுவதையே தொழிலாகச் செய்பவர் ஊருக்கு ஒருவராவது இருப்பார். பழைய சைக்கிள் கடைக்காரர்களிடமும் புல்லட் மெக்கானிக்குகளிடமும் விசாரித்தால் வழி சொல்வார்கள். சுற்றும் ரிம்மின் அருகே சாக்பீஸைப் பிடித்து, கோடு விழும் இடத்தை வைத்தே கோட்டத்தைக் கண்டுபிடிக்கும் கை அவர்களுடையது. பளபளக்கும் சர்வீஸ் சென்டரைவிட அந்தக் கைக்கே நான் என் சக்கரத்தைக் கொடுப்பேன். வண்டி இன்னும் வாரண்டியில் இருந்தால் மட்டும் முதலில் கம்பெனி சர்வீஸுக்கே போங்கள். வெளியே கை வைத்த சக்கரத்துக்குப் பிறகு அவர்கள் பொறுப்பேற்க மறுக்கலாம்.

கடைக்காரரிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். டயரைக் கழற்றித்தான் செய்வீர்களா? ரிம் ஹப்புக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை, கம்பிகளைப் பிரிப்பதற்கு முன் அளந்து வைத்துக்கொள்வீர்களா? இரண்டாவதில் தவறினால் சக்கரம் அழகாகச் சுற்றும், ஆனால் முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் ஓடாது; வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இரண்டு கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொல்பவரிடம் சக்கரத்தை நம்பி விடலாம்.

சக்கரம் திரும்பி வந்ததும் அதே கேபிள் டையைக் கட்டி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். புதுக் கம்பி போட்டுக் கட்டிய சக்கரத்தில் கம்பியின் வளைவும் நிப்பிளின் தலையும் ஓட ஓடத்தான் தங்கள் இடத்தில் அழுந்தி உட்காரும். அப்போது இறுக்கம் கொஞ்சம் குறையும். முதல் சில நூறு கிலோமீட்டருக்குள் எல்லாக் கம்பிகளையும் மறுபடி தட்டிப் பார்த்து, தளர்ந்தவற்றைக் கால் சுற்று இறுக்கிவிடுங்கள். இந்த வேலைக்குக் கடை தேவையில்லை.