சுவரில் மாட்டுவதற்கு முன்

கண்ணு, அடுத்த வருடம் உன் முதல் கண்காட்சியை வைக்கப்போவதாக எழுதியிருந்தாய். எந்த லென்ஸ், எந்தக் காகிதம் என்றெல்லாம் கேட்டிருக்கிறாய். அதைக் கடைக்காரர் என்னைவிட நன்றாகச் சொல்வார். நாற்பது வருடத்தில் நான் எங்கெங்கே வழுக்கி விழுந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். அதே இடத்தில் நீ விழாவிட்டால் போதும். புதிதாக விழ இடமா இல்லை?

1. முதலில் வீட்டுக் கொல்லையைப் பார். இருபத்தைந்து வயதில் கடன் வாங்கிக்கொண்டு லடாக் போனேன். இருபது ரோல் எடுத்தேன். திரும்பி வந்து கழுவிப் பார்த்தால் எல்லாம் நான் ஏற்கெனவே காலண்டரில் பார்த்த படங்கள். மலை அழகாக இருந்தது. நான் எங்கேயும் இல்லை. ஊரில் எங்கள் வீட்டுக் கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த தடம் ஒன்று உண்டு. எறும்பு ஊரக் கல் தேயும் என்பார்கள். இங்கே தேங்காய் நார்க் கயிறு ஊர்ந்து ஊர்ந்து, விரல் நுழையும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அந்தக் கிணற்றை மாதம் ஒருமுறை, நான்கு வருடம் எடுத்தேன். தண்ணீர் இறங்கியது, ஏறியது. கடைசி வருடம் கயிற்றைக் கழற்றிவிட்டு மோட்டார் போட்டார்கள். அதுதான் என் முதல் சொந்த வேலை. லடாக் நெகட்டிவ் எந்தப் பெட்டியில் கிடக்கிறதோ, தெரியாது.

2. கருவி சொல்வதைக் கேள், அதோடு நிறுத்திவிடாதே. தூத்துக்குடி உப்பளத்தில் முதல் நாள் ஒளிமீட்டர் காட்டியபடியே எடுத்தேன். உப்பு சாம்பலாக வந்தது. மீட்டருக்கு உலகமே நடுச்சாம்பல் நிறம். வெள்ளையைக் கண்டாலும் அதை அந்தச் சாம்பலுக்கே இழுக்கும். ஒளியை ஒன்றரை, இரண்டு ஸ்டாப் கூட்டினால்தான் வெள்ளை வெள்ளையாக வரும். மறுநாள் இந்தக் கணக்கோடு பெருமையாகப் போய் நின்றேன். உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர், “வெயிலு ஏறுனா கண்ணைத் தொறக்க முடியாது தம்பி, சோலிய சீக்கிரம் முடி” என்றார். அவர்கள் விடியுமுன்னே பாத்தியில் இறங்குவது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. எனக்கு இரண்டு ஸ்டாப். அவர்களுக்குக் கண்.

3. கேட்டுவிட்டு எடு. கேட்டால் இயல்பு போய்விடும் என்று சொல்பவர்களோடு நானும் சேர்ந்து திரிந்தவன்தான். போனால் போகட்டும், சற்று நேரம் பக்கத்தில் உட்கார், திரும்பி வரும்.

4. உன் படங்களை நீயே பொறுக்காதே. முதல் கண்காட்சிக்கு 140 பிரிண்ட் போட்டு, ஒரு மூத்த ஓவியரிடம் எடுத்துப்போனேன். அவர் தரையில் பரப்பி, பேசாமல் நடந்துகொண்டே காலால் ஒதுக்கினார். ஆமாம், காலால்தான்! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கடைசியில் 22 மிஞ்சின. நான் உயிராக நினைத்த படம் ஒதுக்கியதில் கிடந்தது. “இதுக்கு ரொம்பக் கஷ்டப்பட்டியோ?” என்று கேட்டார். அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, முழங்கால் சேற்றில் நின்று எடுத்த படம். “உன் கால் சேறு படத்துல இல்லையே” என்றார். புகைப்படக்காரர் ராபர்ட் ஃபிராங்க் 1955 தொடங்கி அமெரிக்கா முழுக்கச் சுற்றி எடுத்த படங்கள் சுமார் 28,000. புத்தகத்தில் வைத்தது 83. அந்தக் கணக்கு அப்போது எனக்குத் தெரிந்திருந்தால் அன்று அழுதிருக்கமாட்டேன்.

5. கம்ப்யூட்டரில் திருத்துவது தப்பா என்று கேட்டிருந்தாய். லினேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை எடுத்தார். 21 பிரதிகளை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். எவ்வளவு பொறுமை பார்! ஆனால் அந்தக் காலத்துக் காகித நெகட்டிவ் நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். வானம் மொட்டையாக வரும். அதனால் தம் நெகட்டிவ்கள் பலவற்றில் அவர் கையாலேயே மேகம் தீட்டினார். ஆக, கை வைப்பது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. ஒருவர் நேருக்கு நேர் கேட்டால் கூச்சமில்லாமல் சொல்ல முடிகிறதா என்று பார். சொல்ல நா எழாத திருத்தத்தைச் செய்யாதே.

6. யாரும் பார்க்காத வேலையை முழுசாகச் செய். சென்னையில் தண்ணீர் லாரிக்குக் குடம் போட்டு வரிசையில் நின்ற காலம். குளியலறைதான் என் இருட்டறை. பிரிண்டிலிருந்து ஹைப்போ ரசாயனம் போக ஒரு மணி நேரம் ஓடும் நீரில் அலசவேண்டும்; நான் இரண்டு வாளியில் முக்கி எடுத்துவிட்டேன். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. ஆறு வருடம் கழித்து, வாங்கியவர் வீட்டிலிருந்து போன். போய்ப் பார்த்தால் படத்தின் ஓரமெல்லாம் மஞ்சள் பூத்து, பழைய தலையணை உறை மாதிரி இருந்தது. அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வேறு போட்டுக் கொடுத்தேன். காபி கொடுத்தார்கள், தொண்டையில் இறங்கவில்லை. தண்ணீர் இல்லையென்றால் பிரிண்ட் போடுவதைத் தள்ளிவைத்திருக்கலாம். காலக்கெடுவுக்குப் பயந்தேன்.

7. இது வெளியே சொல்லாதது. கிணற்றுப் படம் ஒன்றை ஏழு பிரதிதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு விற்றேன். ஏழும் தீர்ந்தபின் ஒருவர் நல்ல விலைக்குக் கேட்டார். வீட்டில் கல்யாணச் செலவு. இரண்டு அங்குலம் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, இது வேறு அளவு, வேறு வரிசை என்று எனக்கே நியாயம் சொல்லிக்கொண்டு எட்டாவதைக் கொடுத்தேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முதல் ஏழு பேரில் ஒருவரைச் சாலையில் கண்டால் இன்றும் எதிர்ப்பக்கம் போகிறேன். புகைப்படக்காரர் ஆன்சல் ஆடம்ஸ் 1941-இல் எடுத்த நிலா எழும் படத்தை ஆயிரத்துக்கும் மேல் பிரதி போட்டார். அதில் குற்றமில்லை, இத்தனைதான் என்று அவர் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. எண்ணிக்கை சொல்லாமலே இருக்கலாம். சொன்னால், அது வாக்கு.

8. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 அங்குலம், ஓர் அங்குலம் முன்பின். கூடங்களில் வழக்கமாக இப்படித்தான் மாட்டுவார்கள். நான் என் உயரத்துக்கு மாட்டினேன், 66. மேலே டியூப் லைட், முன்னால் பளபள கண்ணாடி. அம்மா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, குதிகாலை எக்கி, ஒவ்வொரு படமாகப் பொறுமையாகப் பார்த்தாள். எப்படி இருக்கு என்றேன். “எல்லாத்துலயும் என் மூஞ்சிதாம்ல தெரியுது” என்றாள். மாட்டி முடித்ததும் ஒரு குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து கூடத்தை ஒரு சுற்று வா. சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார், உன் பெயரைத் தப்பாகச் சொல்வார். அதற்கெல்லாம் முகம் சுளிக்காதே. இரண்டாம் நாள் ஈ ஆடாது. அன்றும் போய் உட்கார். என் கிணற்றுப் படங்களை மூன்று நாளும் திரும்பத் திரும்பப் பார்த்தவர் அங்கிருந்த வாட்ச்மேன் ஒருவர்தான். “கயிறு எப்ப சார் மாத்துனீங்க?” என்று கேட்டார். பதின்மூன்றாம் படத்தில் கயிறு புதிது. எனக்கே அது தெரியாது.

9. எடுத்த முகத்துக்குப் படத்தைக் கொண்டுபோய்க் கொடு. கண்காட்சி முடிந்து உப்பளத்து அக்காவைத் தேடிப் போனேன். இந்தமுறை ஒழுங்காக அலசிய பிரிண்ட். வாங்கிப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு உள்ளே வைத்தார். அடுத்த வருடம் போனபோது சாமி படத்துக்குப் பக்கத்தில், திருவிழாக் கடைச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தது. சட்டம் சின்னது. அதனால் படத்தின் மேல்பாதியைக் கத்தரிக்கோலால் வெட்டியிருந்தார்கள். நான் வாய் திறக்குமுன்னே, “வானம் எதுக்கு தம்பி? ஆளு தெரியுதுல்லா” என்றார். அந்த மேகம் வந்து சேர நான் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்றிருந்தேன். மோர் கொடுத்தார், குடித்தேன். படம் நல்லா இருக்கு அக்கா என்றேன். நன்றாகத்தான் இருந்தது.