குற்றவியல் படிக்க எங்கே சேரலாம்?

‘கிரிமினாலஜி படிக்கப் போறேன்’ என்று சொல்லும் பிள்ளைகள் பலருடைய மனதில் ஓடுவது கைரேகைப் பொடியும் டிஎன்ஏ சோதனையும்தான். அது தடய அறிவியல். வேதியியலோ உயிரியலோ படித்திருக்க வேண்டும், வேலை பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில். குற்றவியல் வேறு. குற்றம் ஏன் நடக்கிறது, பிடிபட்டவர் பிறகு என்ன ஆகிறார், பாதிக்கப்பட்டவரை யார் கவனிக்கிறார்கள் என்று கேட்கும் படிப்பு அது. சமூகவியல், உளவியல், சட்டம் மூன்றும் அதில் கலந்திருக்கும்.

காக்கிச் சட்டைக் கனவில் வருகிறவர்களுக்கும் ஒரு சேதி. தமிழ்நாட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும்.

வாய்ப்பு என்று பார்த்தால் இப்போது தடய அறிவியலுக்குத்தான் நல்ல காலம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்குகளில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்குப் போக வேண்டும் என்கிறது. இதை அமல்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம் உண்டு. அறிவியல் பட்டதாரிகள் காந்திநகரில் உள்ள தேசிய தடய அறிவியல் பல்கலைக்கழகத்தை முதலில் பார்க்கலாம்.

மனிதர்களோடு வேலை செய்ய விரும்புகிறவர் பார்க்க வேண்டியது களப்பணியை. எத்தனை வாரம் என்பதைவிட, அங்கே யார் மேற்பார்க்கிறார், மாணவர் என்ன எழுதிக் கொடுக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். சிறையைச் சுற்றிக் காட்டி, குரூப் போட்டோ எடுத்து அனுப்புவதையும் ‘இன்டர்ன்ஷிப்’ என்றே சொல்கிறார்கள்!

வழக்கு விசாரணையின்போது சிறுவர்களைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தை எடுத்துக்கொள்ளலாம். சட்டத்துடன் முரண்பட்ட சிறுவன் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் முதன்முதலாக நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். வீட்டில் யார் சம்பாதிக்கிறார்கள், பள்ளியை எப்போது விட்டான், கூட்டாளிகள் யார் என்றெல்லாம் கேட்டு எழுதுகிற நீளமான படிவம் அது. அலுவலரோடு சிறுவனின் தெருவுக்குப் போய், வாசலிலேயே நிறுத்திப் பேசும் பாட்டியிடமும் பொறுமையாகக் கேட்டு வந்து, எழுதியதை மேற்பார்வையாளரிடம் காட்டி, ‘இது நீ பார்த்ததா, நீயா நினைச்சுக்கிட்டதா?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லித் திருத்தி எழுதும் மாணவர் ஒரு செமஸ்டர் பாடத்தை அங்கேயே கற்றுவிடுவார். சிறுவனின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். களக்குறிப்பேட்டில் பெயரை மறைத்து எழுதும் பழக்கத்தைத் துறை முதல் வாரத்திலேயே சொல்லித்தர வேண்டும்.

இந்த அளவுகோலில் மும்பையின் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் முந்தி நிற்கிறது. அங்கே குற்றவியலும் நீதியும் சமூகப்பணி முதுகலைக்குள் வருகின்றன. களப்பணி பாடத்திட்டத்தின் பகுதி. 1990இல் அந்த நிறுவனம் தொடங்கிய ‘பிரயாஸ்’ திட்டம் சிறைகளிலும் காவல் நிலையங்களிலும் வேலை செய்கிறது. நாட்டின் சிறைகளில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள் (2022 கணக்கு) என்பதால், ஜாமீனுக்கு ஆள் தேடுவது முதல் வீட்டுக்குத் தகவல் சொல்வது வரை வேலை குவிந்து கிடக்கிறது. இன்னொரு லாபமும் உண்டு: குழந்தைகள் பாதுகாப்புப் பணியிட அறிவிக்கைகள் பலவற்றில் சமூகப்பணிப் பட்டம் கேட்கப்படுகிறது. குறை, மும்பையில் தங்கிச் சாப்பிடும் செலவு.

அந்தச் செலவு கட்டுப்படியாகாதென்றால் சென்னையும் நெல்லையும் இருக்கின்றன. சென்னைப் பல்கலைக்கழகக் குற்றவியல் துறை பழம்பெருமை கொண்டது. 1970இல் தொடங்கிய இந்தியக் குற்றவியல் சங்கத்தின் வீடு அதுதான். புழல் சிறை, உயர் நீதிமன்றம், தடய அறிவியல் துறை எல்லாம் பஸ் தூரம். நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் இருந்தபோதுதான் பேராசிரியர் கே. ஜெய்சங்கர் 2007இல் சைபர் குற்றவியலுக்கென்று சர்வதேச ஆய்விதழைத் தொடங்கினார். பாளையங்கோட்டை மத்தியச் சிறை பக்கத்திலேயே இருக்கிறது. ஆராய்ச்சி, நெட் தேர்வு, ஆசிரியப் பணி என்று போகிறவருக்கு இவ்விரண்டும் தாராளமாகப் போதும்.

பிரிட்டனில் இளநிலைப் படிப்புகள் சிலவற்றில் நடுவே முழு ஆண்டு வேலைப் பயிற்சி உண்டு. டர்ஹம் பல்கலைக்கழகத்தில் மாணவர்களும் கைதிகளும் சிறைக்குள் ஒரே வகுப்பில் படிக்கும் முறையும் இருக்கிறது. ஆனால் நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் போவது ஓராண்டு முதுகலைக்கு. அந்த ஓராண்டில் களத்துக்கு மிஞ்சும் நேரம் குறைவு. கடன் வாங்கிப் போகிறவர் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

‘பொம்பளப் பிள்ளைய ஜெயிலுக்கா அனுப்புறது?’ என்று வீட்டில் கேட்பார்கள். புழல், வேலூர், திருச்சியில் பெண்களுக்கென்றே தனிச் சிறைகள் இருக்கின்றன. அனுமதிக் கடிதத்தைத் துறையே வாங்கித் தருகிறதா, உடன் யார் வருவார் என்று சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிடலாம். சென்ற ஆண்டு மாணவர் ஒருவரின் களப்பணி அறிக்கையையும் காட்டச் சொல்லலாம். ஓரங்களில் ஆசிரியரின் சிவப்பு மை இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.