"என் லேப்டாப்ல ஓடுச்சே!": பைத்தான் வெர்ஷன் சண்டையைத் தீர்ப்பது எப்படி?

ப்ராஜெக்ட் ரிவ்யூ சீசன் வந்தாலே எல்லா லேபிலும் கேட்கிற டயலாக் இது. பொய்யும் இல்லை. கோட் அதேதான், கீழே இருக்கிற பேக்கேஜ் வெர்ஷன்தான் வேற. டெமோ அன்னைக்கு எக்ஸ்டர்னல் எக்ஸாமினர்கிட்ட இதை விளக்க நேரம் இருக்காது. அதனால் இப்பவே பார்த்துடலாம்.

ஏன் வருது?

பைத்தானில் ஒரு என்விரான்மென்ட்டுக்குள் ஒரு பேக்கேஜுக்கு ஒரு வெர்ஷன்தான் இருக்கும். புதுசு போட்டால் பிப் பழசை எடுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமும் முதலில் இம்போர்ட் செய்த மாட்யூலை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த தடவையும் அதையே கொடுக்கும். ஜுபிட்டரில் வெர்ஷன் மாற்றிய பிறகு கெர்னலை ரீஸ்டார்ட் செய்யச் சொல்வது இதனால்தான்.

நல்ல உதாரணம் நம்பை. 2024 ஜூனில் 2.0 வந்தபோது அதன் பைனரி அமைப்பு மாறியது. 1 வரிசைக்கு கம்பைல் செய்த மாட்யூல்கள் 2.0-வில் ஓடவில்லை. உங்க ப்ராஜெக்டில் ஒரு பேக்கேஜ் "2-க்குக் கீழே வேணும்" என்றும், இன்னொன்று "2-க்கு மேலே வேணும்" என்றும் கேட்டால், ஒரே என்விரான்மென்ட்டில் அதற்குத் தீர்வே கிடையாது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

1. எரரைக் கடைசி வரியிலிருந்து படிங்க. மாட்யூலே இல்லை என்றால், பெரும்பாலும் வேறு பைத்தானில் இன்ஸ்டால் ஆகியிருக்கும். மாட்யூல் இருக்கு, உள்ளே அந்தப் பெயர் இல்லை என்றால் வெர்ஷனைச் சந்தேகப்படுங்க. பழைய கோடில் வரும் 'என்பி டாட் ஃப்ளோட்' நம்பை 1.24-இலேயே நீக்கப்பட்டுவிட்டது.

2. மாட்யூல் எந்த ஃபோல்டரிலிருந்து லோட் ஆகுது என்று பிரின்ட் செய்து பாருங்க. உங்க ப்ராஜெக்ட் ஃபோல்டரையே காட்டினால், உங்க ஃபைலுக்கும் மாட்யூலுக்கும் ஒரே பெயர் வைத்திருக்கீங்க. 'ராண்டம்' என்று ஃபைல் பெயர் வைத்தால் இதுதான் நடக்கும்.

3. 'பிப் செக்' ஓட்டுங்க. எந்த பேக்கேஜுக்கு எது ஒத்துவரலை என்று அதுவே சொல்லும்.

எப்படித் தீர்ப்பது?

ப்ராஜெக்டுக்கு ஒரு வர்ச்சுவல் என்விரான்மென்ட். அதற்கான 'வென்வ்' பைத்தான் 3.3 முதல் கூடவே வருது. எல்லா பேக்கேஜையும் ஒரே கமாண்டில் கொடுங்க. அப்போதான் பிப் எல்லாத்தையும் சேர்த்துப் பார்த்து ஒத்துவரும் வெர்ஷனைத் தேடும். ஒவ்வொன்றாகப் போட்டால், பின்னால் வருவது முன்னால் வந்ததை உடைக்கலாம்.

ஒத்தே வராத இரண்டு பேக்கேஜ் என்றால், இரண்டு என்விரான்மென்ட், இரண்டு தனி ப்ரோகிராம். ஒன்று ரிசல்ட்டை சிஎஸ்வி ஃபைலில் எழுதட்டும், இன்னொன்று அதைப் படிக்கட்டும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் ஓடும்.

உபுண்டு 23.04 முதல் சிஸ்டம் பைத்தானில் நேரடியாக பிப் போடவிடாது. அந்தத் தடையை மீறும் ஆப்ஷனை காப்பி பேஸ்ட் பண்ணாதீங்க. அந்த பைத்தானை நம்பித்தான் ஓஎஸ்ஸின் சில டூல்களே ஓடுது.

எல்லாம் ஓடியதும் 'பிப் ஃப்ரீஸ்' கொடுத்து வெர்ஷன் லிஸ்டை சேவ் பண்ணுங்க. அதில் பைத்தான் வெர்ஷன் வராது, அதை ரீட்மீயில் தனியாக எழுதிடுங்க. ரிவ்யூவுக்கு இரண்டு நாள் முன்னாடி, டீம்மேட் லேப்டாப்பில் அந்த லிஸ்டை மட்டும் வைத்து புதுசா செட்அப் செய்து ஓட்டிப் பாருங்க. அங்கே ஓடினால், டெமோவிலும் ஓடும் என்று தைரியமாகப் போகலாம்.