கொறங்காட்டில் ஒளித்து வைத்த நான்கு டப்பாக்கள்

"அந்தக் கோடு நம்ம ஊருல எந்த வீதியில போகுதுங்க சார்?"

அட்சக்கோடு, தீர்க்கக்கோடு பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டது. கற்பனைக் கோடு என்று சொல்லிப் பல ஆண்டுகளாகத் தப்பித்து வந்த எனக்கு அன்று பதில் இல்லை. மறுநாள் கைப்பேசியுடன் வகுப்பையே விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் சென்றேன்.

வரைபடச் செயலியில் நாம் நிற்கும் இடத்தின் எண்கள் தசமத்தில் தெரியும். வேலம்பாளையத்தில் அவை 11.1 என்றும் 77.3 என்றும் தொடங்குகின்றன. வடக்கு நோக்கி நடந்தால் முதல் எண் கூடுகிறது. ஒரு பாகை அட்சம் சுமார் 111 கிலோமீட்டர். அப்படியானால் நான்காம் தசமத்தில் ஒன்று கூட எவ்வளவு நடக்க வேண்டும்? 11 மீட்டர் என்று கணக்குப் போட்டு, அளவுநாடா பிடித்துச் சரிபார்த்தார்கள். தசம இடமதிப்பைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதியும் புரியாத இருவருக்கு அன்று காலால் நடந்து புரிந்தது. கணித ஆசிரியர் இதை இன்னும் சொல்லிச் சிரிப்பார்.

இதை ஒரு விளையாட்டாகவே உலகம் ஆடுகிறது. ஜியோகேச்சிங் என்று பெயர். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் பொதுப் பயன்பாட்டுக்கான சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை சேர்த்து வந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அதை நிறுத்தியதும் துல்லியம் பல மடங்கு கூடியது. மே 3 அன்று ஓரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் எண்களை மட்டும் இணையத்தில் வெளியிட்டார். மூன்று நாள்களுக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். விதிகள் எளியவை: கண்டவர் நோட்டில் பெயர் எழுத வேண்டும், ஒரு பொருளை எடுத்தால் ஒரு பொருளை வைக்க வேண்டும், பெட்டியை இருந்த இடத்திலேயே விட வேண்டும்.

எங்கள் வீதிகளில் இது சரிவராது. நெருக்கமான கட்டடங்களுக்கு இடையே எண்கள் தாவுகின்றன. திறந்த வானம் வேண்டும். அப்போதுதான் காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகள் நினைவுக்கு வந்தன. கிளுவை முள்வேலி, நடுவே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேயும் காங்கேயம் மாடுகள். பனியன் கம்பெனிச் சத்தத்தில் வளரும் நம் பிள்ளைகளில் பலர் அதைப் பேருந்து ஜன்னல் வழியாகக்கூடப் பார்த்ததில்லை.

உரிமையாளரிடமும் தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அனுமதி பெற்று, ஒரு சனிக்கிழமை 32 பேருடன் போனோம். ஏறக்குறைய எட்டு ஏக்கர் காடு. முதல் நாளே நான்கு எவர்சில்வர் டப்பாக்களை மரத்தடியிலும் வேலியோரத்திலும் வைத்திருந்தேன். மண்ணைத் தோண்டவில்லை, மாடு தின்றுவிடும் என்பதால் பிளாஸ்டிக் வைக்கவில்லை. 'பள்ளிப் பாடத்துக்கான டப்பா' என்று மேலே எழுதி ஒட்டினேன். இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்கள் இந்தச் சீட்டை மறக்க வேண்டாம். கேட்பாரற்றுக் கிடக்கும் டப்பாவைக் கண்டால் யாருக்கும் பயம் வரும்.

எட்டுப் பேர் கொண்ட நான்கு குழுக்கள்; குழுவுக்கு ஒரு கைப்பேசி, உடன் ஒரு பெரியவர். நான்கு இடங்களின் எண்களையும் நானே கையால் எழுதி, குழுவுக்கு ஒரு சீட்டாகக் கொடுத்தேன். கைப்பேசி திறந்த வெளியிலும் சுமார் ஐந்து மீட்டர் வரை தவறலாம். அதனால் எண் சரியாக வந்த பிறகும் கண்ணால் தேட வேண்டும். அந்தத் தேடலில்தான் சாணத்தையும் புல்லின் கதிரையும் கரையான் புற்றையும் பார்த்தார்கள்.

மூன்று குழுக்கள் முடித்துவிட்டன. நான்காவது குழு வேலியோரம் நின்றுகொண்டிருந்தது. "சார், கடைசி நம்பர் தப்புங்க" என்றாள் ஒரு மாணவி. சரியாகப் பார்க்காமல் பேசுகிறாள் என்று நினைத்து, "மறுபடி பாரும்மா" என்று கொஞ்சம் கடுமையாகவே சொல்லிவிட்டுத் திரும்பினேன். அவள் விடவில்லை. சீட்டை நீட்டினாள்.

"மத்த மூணு டப்பாவுக்கும் தீர்க்கக்கோட்டுல மூணாவது தசமம் 2, இல்லைன்னா 3. இது மட்டும் 5. அங்க போகணும்னா வேலியைத் தாண்டோணும். தாண்டக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

என் பிரதியை எடுத்துப் பார்த்தேன். 3 என்பதை 5 என்று எழுதியிருந்தேன். நம் ஊர் அட்சத்தில் ஒரு பாகைத் தீர்க்கம் சுமார் 109 கிலோமீட்டர். இரண்டு ஆயிரத்தில் ஒரு பங்குப் பிழை, 218 மீட்டர். பக்கத்துக் காட்டுக்காரர் நிலத்துக்கே அனுப்பியிருக்கிறேன்.

எல்லாக் குழுக்களையும் கூப்பிட்டு, தவறு என்னுடையது என்று சொன்னேன். சொல்லும்போது கூச்சமாகத்தான் இருந்தது. அந்த மாணவி வகுப்பில் கை தூக்காதவள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

திருத்திய எண்ணை அவளே எழுதிக்கொண்டு போனாள். டப்பாவுக்குள் இருந்த பென்சிலை எடுத்துக்கொண்டு, பனியன் லேபிள் ஒன்றையும் இரண்டு பட்டன்களையும் வைத்தார்கள். மாலையில் நான்கு டப்பாக்களையும் எடுத்துக்கொண்டு, படலைச் சாத்திவிட்டுக் கிளம்பினோம்.

இந்த ஆண்டு சீட்டுகளை மாணவர்களே எழுதுகிறார்கள். ஒரு குழு எழுதியதை இன்னொரு குழு கழித்துப் பார்த்து, வேலிக்குள் விழுகிறதா என்று சரிபார்த்த பிறகே என்னிடம் வருகிறது.